வீட்டைப் பார்க்கும் முன் தெருவைக் கேளுங்கள்

"இன்னுமா வாடகை வீடு?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கல்யாணமாகி 1991இல் சென்னைக்கு வந்தவள் நான். இன்றுவரை வாடகை வீடுதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். என் நாத்தனார் மூன்றாவது வரிசையிலிருந்தே சத்தமாகச் சொல்வாள்: "அண்ணிக்கு ஒரு இடத்துல கால் தரிக்காது."

காலெல்லாம் நன்றாகத்தான் தரித்தது. திருவல்லிக்கேணி, அயனாவரம், மேற்கு மாம்பலம், வேளச்சேரி, இப்போது வில்லிவாக்கம். ஒவ்வொரு இடத்திலும் வருஷக் கணக்கில் இருந்தோம். எதையும் நாங்களாக வெறுத்து விட்டுவரவில்லை. இந்த ஐந்து இடத்து மனிதர்களும் சேர்ந்துதான் என்னை ஆளாக்கினார்கள். வீடு கொடுத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன், அவர்கள் வாடகை வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொல்ல வேண்டியது தெருவுக்கு.

நான் தையல் தைக்கிறவள். வீடு மாறினால் மற்றவர்களுக்கு லாரி வாடகையோடு செலவு முடிந்துவிடும். எனக்கு வாடிக்கையே போய்விடும். அளவு ரவிக்கையைக் கையில் கொடுத்து "போன தடவை மாதிரியே தைச்சிடுங்க" என்று ஒருத்தி சொல்ல வேண்டுமானால், அந்தத் தெருவில் குறைந்தது ஒரு வருஷமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஏரியா மாறுவதன் வலி எனக்குத் தெரியும். மாறினால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும்.

திருவல்லிக்கேணியில் பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். ஐந்து குடும்பம், ஒரே அடிபம்பு, ஒரே மீட்டர். கரன்ட் பில் வரும் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம். ஆனால் எனக்கு இரவில் வலி எடுத்தபோது என் கணவர் நைட் ஷிப்டில் இருந்தார். பக்கத்துப் போர்ஷன் பாத்திமா அக்காதான் ரிக்ஷா பிடித்து, என்னைக் கோஷா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று போர்டில் இருக்கும்; திருவல்லிக்கேணியில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்க மாட்டார்கள். 1885இல் பெண்களுக்கென்றே தொடங்கிய ஆஸ்பத்திரி. என் மகள் பிறந்தது அங்கேதான்.

நோன்பு மாதத்தில் வாலாஜா பள்ளிவாசலிலிருந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கில் கஞ்சி வரும். ஆற்காட்டு நவாபு குடும்பம் 1795இல் கட்டிய பள்ளிவாசல் அது. அங்கே நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டு வைத்துப் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து வரும் சிந்திக்காரர்கள் என்று பாத்திமா அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலிலிருந்து காட்டினார். கிராமத்திலிருந்து வந்த எனக்கு, யார் யாருக்குப் பரிமாறலாம் என்பதில் இருந்த கணக்கெல்லாம் அன்றைக்கே விட்டுப்போயிற்று. சுடிதார் வெட்டவும் அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை ரவிக்கையும் பாவாடையும் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

வீட்டை இடித்து மேன்ஷன் கட்டப்போவதாகச் சொன்னார்கள். கிளம்பினோம்.

அயனாவரம் ரயில்வே ஜனங்களின் இடம். ஐசிஎப் 1955இல் தொடங்கிய பிறகு இந்தச் சுற்றுவட்டாரமே அதை வைத்து வளர்ந்தது. ஜாயின்ட் ஆபீஸ் ஸ்டாப்பில் நின்றால் சாயந்திரம் ஷிப்டு விட்டு வருகிறவர்களின் சைக்கிள் மணிச் சத்தம்தான் கேட்கும். சம்பளத் தேதி தெருவுக்கே தெரியும் என்பதால், எனக்குத் துணி எப்போது வரும், பணம் எப்போது வரும் என்பதும் தெரியும். தையலுக்கு இதைவிட நல்ல ஏரியா அமையாது. பெரம்பூர் பக்கமிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிராக் தைக்க வரும். அதில் ஒரு ஆன்ட்டி கழுத்துப் பட்டியை மூன்று தடவை பிரிக்கச் சொன்னார். நான் முகம் சுளித்தேன். நாலாவது தடவை அவரே மிஷினில் உட்கார்ந்து, துணியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டி, ஓரம் சுருங்காமல் திருப்பிக் காட்டினார். இன்றைக்கு யாராவது என் கழுத்து வேலையை மெச்சினால் அந்தப் பாராட்டில் பாதி அவருடையது.

2003, 2004 தண்ணீர்ப் பஞ்சத்தை அயனாவரத்தில்தான் கடந்தோம். குழாயில் காற்று வரும். மெட்ரோ வாட்டர் லாரி ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், காலை பத்துக்கும் வரும். லாரி வந்ததும் தெருக்கோடியில் இருக்கிறவர்கள் ஒரு குரல் கொடுப்பார்கள். வீட்டுக்கு இத்தனை குடம் என்று பெண்களே கூடிப் பேசி வைத்தோம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இரண்டு குடம் கூடுதல். படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருந்தால் அங்கேயும் கூடுதல். கவுன்சிலரோ அதிகாரியோ வந்து வகுத்த முறை கிடையாது. அந்தப் பஞ்சத்தில் எங்கள் தெருவில் குடச்சண்டை வரவில்லை. பக்கத்துத் தெருவில் மண்டை உடைந்தது. ஒரே தண்ணீர்தான், ஒரே லாரிதான்.

ஹவுஸ் ஓனர் பையனுக்குக் கல்யாணம் என்று போர்ஷனைக் கேட்டார். நியாயம்தான். அட்வான்ஸை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் வீடு கிடைக்க நாங்கள் பட்டபாடு தனி. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்டவர்கள் உண்டு. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டு வளைத்துப் பிடித்தவர்களும் உண்டு. கடைசியில் அசைவம் சமைக்க மாட்டோம் என்று சொன்ன பிறகு ஒருவர் கொடுத்தார். அவரும் மாதம் ஒருமுறை சமையல்கட்டு வரைக்கும் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாடகை வாங்குகிறவருக்கு என் அடுப்பின் மேல் அதிகாரம் இல்லை. இதே நிபந்தனையோடு உங்களுக்கு வீடு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒப்புக்கொண்டதற்கு மகளின் பள்ளிக்கூடம் காரணம்.

ஆனால் அந்த ஓனரை வைத்து மாம்பலத்தை எடை போட முடியாது. எதிர்வீட்டு மாமி, மகளின் கணக்குப் பாடத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் அனுப்பு, பணம் எல்லாம் பேசாதே" என்றார். பத்தாவது முடியும்வரை சொல்லிக்கொடுத்தார். நான் அவருக்குத் தைத்துக்கொடுத்த ரவிக்கைக்குக் கூலி வாங்கவில்லை. அவர் அதற்கும் கோபித்துக்கொண்டார். ராமநவமி சமயத்தில் அயோத்தியா மண்டபத்தில் கச்சேரி நடக்கும். தலைகாணி உறையும் கத்தரிக்கோலுமாக வாழ்ந்த நான், பெரிய பெரிய வித்வான்களைச் சல்லிக்காசு செலவில்லாமல் கேட்டது அங்கேதான். நவராத்திரி வந்துவிட்டால் பட்டுப்பாவாடைக்குத் தெருவே என் வாசலில் நிற்கும். மாம்பலம் கொசுவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், கடித்தது. அந்த மாமிக்காக இன்னும் பத்து வருஷம் கடி வாங்கியிருப்பேன். பில்டர் வந்து அந்த இடத்தை வாங்கிவிட்டார்.

இனி வேளச்சேரி.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி பெருங்குடிக்கு மாறியது. 2013, ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்தால் வீடு மாற முடியாது, பால் காய்ச்ச முடியாது. புரோக்கர் ஒரு தரைத்தள வீடு காட்டினார். புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவரெல்லாம் சந்தன நிறம், கை வைத்தால் வழுக்குகிறது. வாடகை 12,000, அட்வான்ஸ் பத்து மாதம், 1,20,000.

அந்த வீட்டில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். ஒன்று, பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. பிரிட்ஜ் ஒயர் எட்டாது. இரண்டு, சம்ப்பைச் சுற்றித் தொடை உயரத்துக்குச் செங்கல் கட்டி அதற்குமேல் மூடி போட்டிருந்தார்கள். மூன்று, வாசல் கேட்டைத் தாண்டியதும் ஒரு தடுப்புப் படி, காலைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். "ஏங்க இப்படி?" என்று கேட்டேன். "சின்னப் பசங்க கரன்ட்ல கை வைக்கக் கூடாதுன்னு ஓனர் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்காரும்மா" என்றார் புரோக்கர். தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. "அந்த அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று நான் கிளம்பினேன். என் கணவரின் அண்ணன்தான் தடுத்தார். "நாளைக்கு ஆடி. இஸ்திரிக்காரன்கிட்ட கேட்டா வீடு பார்ப்பாங்க?" அவர் சொல் எடுபட்டது. அட்வான்ஸ் கைமாறியது. அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

2015 டிசம்பர் 1. விடாமல் மழை. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த கணக்கு. சாயந்திரமே கரன்ட் போய்விட்டது. நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் ஓட்டையிலிருந்து முதலில் குபுகுபுவென்று சத்தம் வந்தது. பிறகு கறுப்பாக மேலே வந்தது. துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தோம். கக்கூஸ் வழியாக வந்தது. அரை மணி நேரத்தில் கட்டில் விளிம்பு. பிரிட்ஜ் மிதந்து, சாய்ந்து, சமையல்கட்டு வாசலை அடைத்துக்கொண்டது. மகளின் சர்டிபிகேட் பையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு படியேறினோம். என் மிஷின் கீழேயே இருந்தது. மோட்டாரோடு இருந்த மிஷின். தைக்க வந்த துணி மூட்டை பதினெட்டு வீட்டுடையது, கல்யாணப் புடவை ரவிக்கைகள் உட்பட.

செம்பரம்பாக்கம் திறந்ததால் வந்த வெள்ளம் என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் போகும்; சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் முழுக்கியது அது. எங்கள் பக்கம் வந்த தண்ணீர் வேறு. ஆதம்பாக்கம், வேளச்சேரி ஏரிகளும் சுற்றியுள்ள இடங்களும் நிரம்பி, வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடிக்க வேண்டிய தண்ணீர். போகிற வழியில் வீடு கட்டியிருக்கிறோம். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியையும் கட்டடம் தின்றுவிட்டது. மிச்சமிருப்பதை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் வீட்டை இழந்த பிறகு நான் படித்தது. தெருமுனை இஸ்திரி அண்ணாவுக்கு இது படிக்காமலே தெரிந்திருந்தது. "2005லயும் இதே வீட்ல இடுப்பளவு நின்னுதும்மா. புதுசா குடி வர்றவங்க யாராச்சும் கேட்டா சொல்லுவேன், யாரும் கேக்கறதில்ல" என்றார், வெள்ளம் வடிந்த பிறகு.

அவர் சொன்னதற்குச் சுவரே சாட்சி. தண்ணீர் வடிந்து நாலைந்து நாளில் அந்தச் சந்தனப் பெயின்ட் அப்பளம் போல உப்பி, பாளம் பாளமாக உரிந்தது. அடியில் பழைய சுண்ணாம்பு. அதன்மேல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு விடாமல் ஓடிய பழுப்புக் கோடு. பிளக் பாயின்டுகளுக்கு ஒரு சாண் கீழே. பழைய வெள்ளம் நின்ற மட்டம் அது. அதற்குமேல் கணக்காக அளந்துதான் பிளக் வைத்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தேதான் எங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

மேல்மாடியில் நாலு பையன்கள் இருந்தார்கள், ஐடி வேலை. அவர்களோடு பேச வேண்டாம் என்று ஓனர் எங்களிடம் சொல்லியிருந்தார். பேச்சிலர்கள், ராத்திரி லேட்டாக வருகிறவர்கள் என்று. அந்தப் பையன்கள்தான் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் தூங்கினார்கள். இரண்டு நாள் மேகி நூடுல்ஸும் அவர்கள் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் கேனும்தான் எங்கள் உயிர். ஒருவன் திரிபுராக்காரன். எனக்கு அவன் மொழி ஒரு வார்த்தை தெரியாது. என்னை அவன் "அம்மா" என்று கூப்பிட்டான். மூன்றாம் நாள் மீனவர்கள் படகோடு வந்து தெருவில் இருந்தவர்களை ஏற்றிப்போனார்கள். காசு கொடுக்கப் போனவர்களைத் திட்டினார்கள்.

அயனாவரத்திலிருந்து ஒரு டாடா ஏஸ் வந்தது. குடம் பங்கு போட்ட அதே பெண்கள். அரிசி, பாய், பிளீச்சிங் பவுடர், எங்களுக்கு மாற்றுத் துணி. நாங்கள் அந்தத் தெருவை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பொங்கல் வரைக்கும் அங்கே ஒரு வீட்டில் இருந்தோம். பெரம்பூர் ஆன்ட்டி காலமாகிவிட்டிருந்தார்; அவருடைய மகள் தன் அம்மாவின் மிஷினை எனக்கு அனுப்பிவைத்தாள். கால்மிதி மிஷின். இப்போதும் அதில்தான் தைக்கிறேன். பதினெட்டு வீட்டுக்கும் ஈடு கொடுத்தேன், சிலர் வாங்க மறுத்தார்கள். மாம்பலம் மாமி 5,000 ரூபாயை மகள் கையில் திணித்துவிட்டு, "இது கணக்கு டீச்சர் ஃபீஸ் திரும்பக் குடுக்கறேன்" என்றாராம். வாங்காத ஃபீஸை!

அட்வான்ஸ் கதைக்கு வருகிறேன். காலி செய்கிறோம் என்றதும் ஓனர் ஒரு தாள் நீட்டினார். பெயின்டிங், மோட்டார் ரிப்பேர், சம்ப் கிளீனிங், ஒரு மாத நோட்டீஸ் வாடகை. பாதிச் சாமான் உள்ளே கிடந்ததால் ஜனவரி வாடகை தனி. 1,20,000 கொடுத்த இடத்தில் 40,000 வந்தது, அதுவும் மூன்று தவணையில். "வெள்ளம் கடவுள் செயல், நான் என்ன பண்ண?" என்றார். கடவுள் செயலுக்கு பிளக் பாயின்டை உயர்த்தி வைத்தது யார் என்று கேட்டேன். கதவைச் சாத்தினார். என் கணவர் "விடு" என்றார். நான் விடவில்லை, எழுதுகிறேன்.

ஆகவே வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு என் பேச்சு இது. முன்பு பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையில் எழுதாத சட்டம். 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவிதி, இரு தரப்பும் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர. அந்தத் 'தவிர'வில்தான் ஓனர்கள் நுழைகிறார்கள், கவனம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்று ஒரு வரி போடுங்கள். குடிபோகும் நாளில் எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், வேகமாக முடித்துவிடுகிறேன்.

யாரும் சொல்லாதது இது. வீட்டைப் பார்க்க புரோக்கரோடு போங்கள், தெருவைப் பார்க்கத் தனியாகப் போங்கள். இஸ்திரி வண்டி, ஆவின் பூத், கீரை விற்கிற அம்மா, சாயந்திரம் திண்ணையில் உட்காரும் பெரியவர். இவர்களுக்கு அந்த வீட்டின் ஜாதகம் தெரியும். "முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?" என்று கேளுங்கள், பதிலை வாயில் தேடாமல் முகத்தில் தேடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கை உங்கள் வாசல் பக்கம் நீண்டால் ஆடியாவது, மார்கழியாவது, திரும்பி வந்துவிடுங்கள். பிளக் பாயின்ட் உயரத்தைப் பாருங்கள்.

சொந்த வீடு வாங்கியிருந்தால் இந்த நஷ்டம் இல்லையே என்று என் நாத்தனார் கேட்பாள். அவள் வாங்கிய பிளாட்டில் எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் அவளுக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக இருக்கிறாள். வேளச்சேரியில் நான் நட்டப்பட்டபோது எனக்காக மூன்று ஏரியா எழுந்து வந்தது. நான் மாறி மாறி இருந்ததால்தான் வந்தது.

வில்லிவாக்கத்தில் முதல் மாடியில் இருக்கிறோம். ஐசிஎப் பக்கம், பழைய வாடிக்கை பாதி திரும்பிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. பொங்கலுக்குள் வெள்ளையடித்து, டூ-லெட் போர்டு மாட்டிவிட்டார்கள். சித்திரையில் ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் என் வாசலுக்கு வந்து, "இங்க தண்ணி எப்படிக்கா?" என்றாள். கூட்டிப்போய்ச் சுவரில் எந்த உயரம் என்று கை வைத்துக் காட்டினேன். அடுத்த தெருவில் மாடி வீடு ஒன்று காலியாக இருந்தது, அங்கே குடிவந்திருக்கிறாள். எதிர்வீட்டு ஓனர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.